ஆனைக்கு அடி சறுக்குவது எப்போது தெரியுமா?

சித்தையன்கோட்டைத் தென்னந்தோப்புகளில் மளமளவென்று மரமேறும் கைதேர்ந்தவர்கள் பலர் இடுப்புக் கயிறு கட்டுவதில்லை. "இத்தனை வருஷம் ஏறியாச்சு, இனிமேயா விழப்போறேன்?" என்ற நம்பிக்கைதான் காரணம். இதே நம்பிக்கை உலகையே உலுக்கியிருக்கிறது!

தெரியுமா? விமான விபத்துகளிலேயே அதிக உயிர்களைப் பலிகொண்டது வானத்தில் நடக்கவில்லை, தரையில் நடந்தது! 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனிக்குள், ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி வருமுன் கிளம்பிய கேப்டன் வான் சாண்டன், சக விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர், கே.எல்.எம். விமான நிறுவன விளம்பரத்தில் இடம்பெற்ற முகம்! எதிரே இருந்த விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று உடனிருந்த பொறியாளர் கேட்டும், விலகிவிட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டார். அவ்வளவு பெரியவரை மறுபடி யார் தடுப்பது?

தெரியுமா? பாம்பு ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்த கார்ல் ஷ்மிட்டை 1957-இல் சிகாகோவில் பூம்ஸ்லாங் என்ற விஷப்பாம்பின் குட்டி கடித்தது. அந்தக் கடி ஆளைக் கொல்லாது என்று நம்பி, சிகிச்சைக்குப் போகாமல் உடம்பில் நடப்பதை வரிவரியாகக் குறித்து வைத்தார். மறுநாளே உயிர் போனது!

தெரியுமா? கல்பனா சாவ்லா உட்பட 7 பேரைப் பறித்த கொலம்பியா விண்வெளி ஓடத்தை வீழ்த்தியது வெறும் நுரைத்துண்டு! எரிபொருள் தொட்டியிலிருந்து முந்தைய பயணங்களிலும் நுரை பெயர்ந்து விழுந்தது; ஓடம் பத்திரமாகத் திரும்பியது. எப்போதும் விழுவதுதானே என்று விண்வெளி நிறுவனத்தினர் பழகிப்போனார்கள். 2003 பிப்ரவரி 1 அன்று அந்தப் பழக்கத்துக்கு விலை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும், அதிர்ஷ்டத்தை மனம் நம் திறமைக் கணக்கில் எழுதிவிடுகிறது. அனுபவசாலியிடம் அந்தக் கணக்கு மிகப் பெரியது!

தெரியுமா? எத்தனை முறை இறங்கியவரானாலும், செப்டிக் டேங்கில் மூக்கையே நம்பக் கூடாது! அழுகிய முட்டை போல நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அளவு மீறினால், மோப்பமே மரத்துவிடும். 'நாத்தம் இல்லை, இறங்கலாம்' என்பதுதான் சாவுக்கான வாசல்.

சரி, வழி என்ன? அதையும் கைதேர்ந்தவர்களே கண்டுபிடித்தார்கள்! 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் தலைசிறந்த சோதனை விமானிகள், போயிங் 299 விமானத்தின் கட்டுப்பாட்டுப் பூட்டை விடுவிக்க மறந்தே கிளம்பி விழுந்தார்கள். அந்த விபத்தில் பிறந்ததுதான் விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல்!

இன்னொரு வழியும் உண்டு. ஜப்பானிய ரயில் ஊழியர்கள் விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்லியே வேலை செய்கிறார்கள். 1994-இல் செய்த சோதனையில், இந்த முறையால் தவறுகள் ஏறக்குறைய 85 சதவீதம் குறைந்தன! திண்டுக்கல் ஜங்ஷனைக் கடக்கும் ரயில்களிலும் லோகோ பைலட்டும் உதவியாளரும் சிக்னல் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி.

நாமும் செய்யலாமே! தோட்டத்து மோட்டாரைத் தொடுமுன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போடுங்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்து, "கரண்ட் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட வந்த பையன் "அண்ணே, ஃபியூஸைப் பிடுங்கியாச்சா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள், இன்னொரு முறை பாருங்கள். அப்படிக் கேட்கும் தைரியத்தை அவனுக்குக் கொடுப்பதும் மூத்தவர் வேலைதான்!