ஆடிக்காற்றும் ஐப்பசி மழையும்

ஆடி மாதம் குமாரலிங்கபுரத்தில் டீ குடிப்பவர்கள் டம்ளரை ஒரு கையால் மூடிக்கொள்வார்கள். மூடாவிட்டால் கரிசல் புழுதி டீயில் இறங்கிவிடும். மேகம் தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாக ஓடும், தரையில் ஒரு சொட்டு விழாது. "இம்புட்டுக் காத்து அடிக்குது, மழை மட்டும் ஏன் வர மாட்டேங்குது அண்ணாச்சி?" என்று இந்தப் பக்கத்து மானாவாரிக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பதிலுக்கு அரபிக்கடல் வரை, அதற்கப்பால் பெரு நாட்டுக் கரை வரைகூடப் போய் வர வேண்டும். நிதானமாகப் போவோம்.

வெயில் ஏறினால் நிலம் சீக்கிரம் சுடும், கடல் மெதுவாகத்தான் சுடும். சித்திரை, வைகாசியில் வட இந்திய நிலமும் திபெத்தின் பீடபூமியும் காய்ந்து கொதிக்கின்றன. அங்கே சூடான காற்று மேலே எழுகிறது, காற்றழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்ப, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து காற்று கிளம்புகிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்பிவிடுகிறது. சோமாலியா கரையோரம் வேகம் பிடித்து, அரபிக்கடலின் ஈரத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு, தென்மேற்கிலிருந்து நம்மை நோக்கி வருகிறது.

வழியில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ஈரக்காற்று மலையில் ஏற ஏறக் குளிர்ந்து, நீரைக் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. உச்சியைத் தாண்டி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இறங்கும்போது நடப்பது நேர் எதிர். கீழிறங்கும் உலர்ந்த காற்று ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். சூடேறிய காற்றுக்குத் தண்ணீர்த் தாகம் அதிகம். அதனால்தான் அருப்புக்கோட்டை, திருச்சுழி வரும்போது அது மழை தருவதற்குப் பதில், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. மலையில் இடைவெளி உள்ள பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் இதே காற்று நெருக்கிப் பாய்கிறது. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். ஆக, ஆடிக்காற்று ஏமாற்றவில்லை. அது கொண்டுவந்த மழை மலைக்கு அந்தப் பக்கமே தீர்ந்துபோனது.

நமக்கான மழை புரட்டாசிக் கடைசியில் திசை மாறி வருகிறது. சூரியன் தெற்கே சாய, ஆசியாவின் வடபுலம் குளிர்கிறது. வங்கக்கடல் இன்னும் சூடாகவே இருக்கிறது. காற்று இப்போது வடகிழக்கிலிருந்து புறப்படுகிறது. நிலத்தில் கிளம்பும்போது அது வறண்ட காற்றுதான், வங்கக்கடலைக் கடந்து வரும்போதுதான் ஈரம் ஏற்றிக்கொள்கிறது. வேம்பார், சாயல்குடிக் கரையிலிருந்து நம் ஊர் வரை அதை மறிக்க மலை இல்லை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி, சராசரியாக 44 செ.மீ., அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த மூன்று மாதங்களில் பெய்வது. அதுவும் தினமும் சீராகப் பெய்வதில்லை. வங்கக்கடலில் உருவாகும் சில காற்றழுத்தத் தாழ்வுகள் நம் பக்கம் வருகின்றனவா, ஆந்திராவுக்குப் போகின்றனவா என்பதில்தான் ஒரு வருட வெள்ளாமை நிற்கிறது.

காற்று திரும்பும்போது கடலும் கூடவே திரும்புகிறது. கோடையில் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடும் நீரோட்டம், வாடைக்காலத்தில் மேற்கு நோக்கி ஓடும். அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் பெரிய நீரோட்டங்கள் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே வழியில் போகின்றன. இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கே ஆசியா என்ற பெரும் நிலம் மூடி நிற்பதால்தான் இங்கே காற்றும் நீரோட்டமும் அரை வருடத்துக்கு ஒருமுறை திசை மாறுகின்றன.

இனி, பெரு நாட்டுக் கரை உள்ள பசிபிக்குக்குப் போவோம். கையில் உள்ள டீயின் மேல் ஓரமாக ஊதிப் பாருங்கள். மேலே படிந்த ஏடு எதிர்ப்பக்கம் போய் ஒதுங்கும், ஊதிய பக்கம் அடியிலிருக்கும் டீ தெரியும். பசிபிக் பெருங்கடலில் கிழக்குக் காற்று இதைத்தான் செய்கிறது. மேற்பரப்பின் வெந்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளி ஒதுக்குகிறது. அங்கே கடல்மட்டம் பெரு நாட்டுக் கரையைவிட அரை மீட்டர் அளவு உயர்ந்தே நிற்கும். பெரு பக்கம் ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். வெந்நீர் இருக்கும் இடத்தில் மேகம் கட்டும், குளிர்நீர்க் கரையில் மழை இருக்காது. பெருவின் கரையும் சிலியின் அட்டகாமாவும் பாலையாகக் கிடப்பதில் அந்தக் குளிர்நீருக்குப் பெரும்பங்கு உண்டு.

சில ஆண்டுகளில் அந்தக் கிழக்குக் காற்று தளர்ந்துவிடுகிறது. ஒதுங்கியிருந்த வெந்நீர் கிழக்கே திரும்பிப் பரவுகிறது. இதுதான் எல் நினோ. காற்று வழக்கத்தைவிட வலுத்தால் அது லா நினா. வெந்நீர் இடம் மாறினால் மழையும் இடம் மாறும். இந்தத் தொடர்பின் முதல் நூலைப் பிடித்தவர் இந்தியாவில் வேலை பார்த்த கில்பர்ட் வாக்கர். 1899-ஆம் ஆண்டின் மழைப் பொய்ப்புக்குப் பிறகு, பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடிய காலம் அது. 1904-இல் வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த இந்தக் கணித அறிஞர், பல நாட்டுக் காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்று கண்டார். வாக்கர் கண்ட இந்தக் காற்றழுத்த ஊசலையும் கடலின் எல் நினோவையும் 1969-இல் ஒன்றாக முடிச்சுப் போட்டவர் வானிலை அறிஞர் யாக்கோப் பியர்க்னெஸ்.

நம் ஊருக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான். எல் நினோ என்றதும் நாளிதழும் தொலைக்காட்சியும் வறட்சி என்று சொல்லும். அது தென்மேற்குப் பருவமழையை நம்பிய வட இந்தியாவுக்குப் பெரும்பாலும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய நமக்கு நிலைமை பெரும்பாலும் தலைகீழ். எல் நினோ ஆண்டின் பிற்பகுதியில் இந்தோனேசியாவின் மேல் காற்று கீழிறங்கி மேற்கே பரவுகிறது. அது இலங்கையையும் தென் தமிழகத்தையும் நோக்கிவரும் கீழைக்காற்றுக்குப் பலம் சேர்க்கிறது. 2015-இல் கடுமையான எல் நினோ. நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியது. 2023-இல் மறுபடி எல் நினோ. அந்த ஆகஸ்ட், 1901-க்குப் பின் நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். அதே ஆண்டு டிசம்பர் 17, 18-இல் நம் பக்கத்து மாவட்டக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது.

இந்தியப் பெருங்கடலுக்கும் இப்படி ஓர் ஊசல் உண்டு. 1999-இல் சஜி, கோஸ்வாமி, வினயசந்திரன் ஆகிய இந்திய ஆய்வாளர்களும் ஜப்பானின் யமகதாவும் அதை விளக்கினார்கள். சில ஆண்டு ஆப்பிரிக்கா பக்கம் வெந்நீர் சேரும். 2019-இல் அப்படிச் சேர்ந்தபோது கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம், ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ. வேறு சில ஆண்டு வெந்நீர் சுமத்ரா பக்கம் குவியும், மேகமும் அங்கேயே தங்கிவிடும். 2016-இல் அதுவும் பலவீனமான லா நினாவும் சேர்ந்து வந்தன. 44 செ.மீ. பெய்ய வேண்டிய மூன்று மாதத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 17 செ.மீ.கூட இல்லை. அவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவத்துக்கு ஒப்பிட 1876-க்குத்தான் போக வேண்டியிருந்தது. அதுதான் தாது வருடப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. 1877-இல் பசிபிக் கடுமையான எல் நினோவுக்குத் திரும்பியது, தென்மேற்கு மழையும் பொய்த்தது. அதே காலத்தில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் மக்கள் பட்டினியில் மாண்டார்கள். ஒருவரை ஒருவர் அறியாத அந்த மக்களை அடித்தவை ஒன்றோடொன்று பிணைந்த அதே கடல்கள். மழையைப் பொய்க்க வைத்தவை அவை. இங்கே பஞ்சத்தில் அத்தனை பேரைச் சாகவிட்டதில் தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஆங்கிலேய ஆட்சிக்கும் பங்கு உண்டு.

இந்தக் கணக்கு ஒவ்வொரு ஆண்டும் தப்பாமல் பலிப்பதில்லை. 2021 லா நினா ஆண்டு. ஆனாலும் தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை சராசரியை வெகுவாகத் தாண்டிப் பெய்தது. வங்கக்கடலில் அடுத்தடுத்து உருவான தாழ்வுகள் நம் பக்கமே வந்தன. பெருங்கடல்கள் வாய்ப்பைத்தான் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன, கடைசி முடிவு வங்கக்கடலில் உள்ள சில நாட்களின் கையில்.

அதனால் ஜூன் மாதத்து வறட்சிச் செய்தியைக் கேட்டுவிட்டு உளுந்து, மல்லி, பருத்தி விதைப்பை முடிவு செய்யாதீர்கள். வடகிழக்குப் பருவத்துக்கென்று வானிலைத் துறை தனியாக வெளியிடும் முன்னறிவிப்பைக் கேளுங்கள், ஐப்பசியில் தாழ்வுநிலைச் செய்திகளைக் கவனியுங்கள். பசிபிக்கின் காற்றையும் வங்கக்கடலின் சூட்டையும் மாற்ற நம்மால் ஆகாது. சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் மழையைப் பிடித்து வைப்பது மட்டும் நம் கையில். ஆடிக்காற்று அடிக்கும்போதே கண்மாய்க்கு வரும் வரத்துக்காலில் வேலிக்கருவேலை வெட்டுங்கள், மடையையும் கலுங்கையும் பாருங்கள். புரட்டாசி பிறப்பதற்குள் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.