கடல் தாண்டிய சிகிச்சைக்குப் பின்: அந்தமானில் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டோரின் அன்றாடம்

ஸ்ரீ விஜயபுரம்: ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குத் திரும்புவோரை உறவினர்கள் "குணமாகிவிட்டது" என்றே வரவேற்கின்றனர். ஆனால் பரிசோதனைகளும், பலருக்கு மாத்திரைகளும், அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியுள்ளன. அவற்றைத் தவறாமல் தொடர்வது, சென்னையிலிருந்து ஆயிரம் கி.மீ.க்கும் அதிகமான தொலைவில் கடலால் சூழப்பட்ட இத்தீவுகளில் எளிதன்று.

முன்பு போர்ட் பிளேர் என அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் ஜி.பி.பந்த் மருத்துவமனை உள்ளது. எனினும், எலும்பு மஜ்ஜை மாற்றம் போன்ற சிக்கலான சிகிச்சைகளுக்குச் சென்னை, வேலூர், கொல்கத்தா ஆகிய நகரங்களையே தீவு மக்கள் நீண்டகாலமாக நாடி வருகின்றனர். சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகும். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். தீவுகளுக்குள்ளேயே தொலைவு பெரிது. கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பே, தலைநகரிலிருந்து 500 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. திக்லிப்பூரிலிருந்து சாலை வழியே வருவோர், ஜாரவா பழங்குடியினர் காப்புப் பகுதியில் குறித்த நேரத்தில் மட்டும் செல்லும் வாகன அணிவரிசைக்குக் காத்திருக்க வேண்டும். புற்றுநோயாளிகளுக்கு இந்திய ரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. ஆனால் ரயிலே இல்லாத தீவுகளில் வாழ்வோருக்கு, சென்னைத் துறைமுகத்தையோ விமான நிலையத்தையோ அடைந்த பிறகுதான் அது பயன்படும்.

சென்னையில் பிறந்த வழக்கு

ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. லுகேமியா, லிம்போமா, மைலோமா என்ற முப்பெரும் பிரிவுகளும் அவற்றுக்குள் பல வகைகளும் உள்ளன. சிலருக்குச் சிகிச்சை முடிந்தபின் கண்காணிப்பு மட்டுமே போதும். நாள்பட்ட மைலாய்டு லுகேமியா உள்ளவர்களோ பெரும்பாலும் தினமும் மாத்திரை உட்கொண்டே இயல்பு வாழ்க்கை நடத்துகின்றனர். 9, 22 ஆகிய எண்கள் கொண்ட குரோமோசோம்களின் பகுதிகள் இடம் மாறிக்கொள்வதால் இந்நோய் உருவாகிறது. அதனாலேயே செப்டம்பர் 22 இந்நோய்க்கான விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இந்நோயின் போக்கையே மாற்றிய இமாடினிப் மருந்துக்கு அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் செலவானது. உள்நாட்டு நிறுவனங்கள் அதையே சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்கு வழங்கின. இம்மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற சட்டப் போராட்டம், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததுடன் முடிவுக்கு வந்தது. தீவின் ஒரு மூலையில் உள்ள மீனவரோ தோட்டத் தொழிலாளரோ இம்மாத்திரையை வாங்க முடிவதற்கு அத்தீர்ப்பும் ஒரு காரணம்.

விலை குறைந்தாலும் மாத்திரை கைக்கு வந்து சேர வேண்டும். "உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்று இடையிடையே நிறுத்துவது ஆபத்தானது. அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்கவும், மருந்து பலனளிக்காமல் போகவும் அது வழிவகுக்கும். புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டால் தீவுகளுக்கு இடையிலான கப்பல் போக்குவரத்து நிற்கும் என்பதால், வெளித்தீவுகளில் வாழ்வோர் சில வாரங்களுக்கான மாத்திரைகளைக் கூடுதலாக இருப்பில் வைத்துக்கொள்வது அவசியம். இம்மாத்திரையை உணவுடனும் நிறைய தண்ணீருடனும் விழுங்க வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கமும் தசைப்பிடிப்பும் சிலருக்கு ஏற்படுவதுண்டு. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

தொலைவைக் குறைக்கும் வழி ஒன்று 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள், சென்னையை ஸ்ரீ விஜயபுரத்துடனும், கார் நிக்கோபார், கமோர்ட்டா, லிட்டில் அந்தமான் உள்ளிட்ட தீவுகளுடனும் இணைத்தது. ரத்த அணுக்களின் எண்ணிக்கையை உள்ளூரில் பார்த்து, முடிவைக் காணொலி வழியே மருத்துவரிடம் காட்டினால் ஒவ்வொரு சந்திப்புக்கும் கடல் கடக்க வேண்டியதில்லை. மரபணு அளவிலான பரிசோதனைகளுக்கு மட்டும் ரத்த மாதிரியோ நோயாளியோ பெருநகரம் செல்ல நேரிடும்.

மழையும் சேறும்

ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் இத்தீவுகளில் எலிக்காய்ச்சல் பழைய பகை. 1930-களுக்கு முன்பிருந்தே இங்கு அறியப்பட்ட இந்நோய், எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீர், சேறு வழியே தோலிலுள்ள காயங்களின் மூலம் பரவுகிறது. நோய் எதிர்ப்பாற்றல் முழுமையாகத் திரும்பாதவர்கள் வயலில் இறங்கும்போது காலணி அணிய வேண்டும். காயத்துடன் தேங்கிய நீரில் நடக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் 'மழைக்காலக் காய்ச்சல்' என்று வீட்டில் காத்திருக்காமல், முன்பு பெற்ற சிகிச்சையின் விவரச் சுருக்கத்துடன் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

மீன் விலக்கப்பட்ட உணவன்று. நன்றாக வெந்திருக்க வேண்டும், அவ்வளவே. பிறருடைய குருத்தணுக்களைப் பெற்றவர்களுக்குக் கடும் வெயில் தோல் பாதிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் தேவை. இளவயதில் போட்ட தடுப்பூசிகளின் பயன் மஜ்ஜை மாற்றத்தால் பெரும்பாலும் அழிந்துவிடுவதால், அவற்றை மருத்துவர் கூறும் கால அட்டவணைப்படி மீண்டும் போட வேண்டும். நிக்கோபாரி மக்கள் உள்ளிட்ட பழங்குடியினரிடையே ஹெபடைடிஸ்-பி தொற்று அதிகம் என ஆய்வுகள் காட்டியுள்ளன. உடலில் உறங்கும் அவ்வைரஸ் சில புற்றுநோய் மருந்துகளால் மீண்டும் விழித்தெழும் என்பதால், இங்கு அச்சோதனை கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

உடலைக் காட்டிலும் ஊர்ப்பேச்சு சிலரை வருத்துகிறது. ரத்தப் புற்றுநோய் தொடுவதாலோ ஒரே தட்டில் உண்பதாலோ பரவாது. மீண்ட குழந்தை பள்ளிக்குத் திரும்பலாம். வகுப்பில் யாருக்கேனும் சின்னம்மை வந்தால் பெற்றோருக்கு உடனே தகவல் தருவதுதான் பள்ளி செய்ய வேண்டிய உதவி. 2004-ல் லுகேமியா கண்டறியப்பட்ட இயக்குநர் அனுராக் பாசு, பின்னர் 2012-ல் 'பர்ஃபி' படத்தைத் தந்தார். 2009-ல் மைலோமாவுக்கு ஆளான நடிகை லிசா ரே குருத்தணு மாற்றம் செய்துகொண்டு, 2019-ல் தன் வாழ்க்கை நூலை வெளியிட்டார். ஆனால் இதையே அளவுகோலாக்கி, சோர்வுடன் வேலைக்குத் திரும்பும் ஒருவரிடம் "அவர்களால் முடியவில்லையா" எனக் கேட்பது நியாயமாகாது. சிகிச்சைக்குப் பிந்தைய களைப்பு மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு.

ஊருக்குத் திருப்பித் தர விரும்பும் பலருக்கும் முதலில் தோன்றுவது ரத்த தானம். ஆனால் புற்றுநோய் வந்தவர்கள் ரத்த தானம் செய்ய இந்திய விதிகள் அனுமதிப்பதில்லை. அவர்கள் பிறரை அழைத்து வரலாம். அதுவே இங்கு பெரும் பணி. சிவப்பணுக்களை ஏறத்தாழ ஆறு வாரங்கள் வரை சேமிக்கலாம். லுகேமியா நோயாளிக்கு அடிக்கடி தேவைப்படும் தட்டணுக்களோ ஐந்து நாட்களே தாங்கும். 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் பேர் மட்டுமே வாழும் தீவுகளில், கப்பலில் வரவழைத்து இருப்பு வைக்கக்கூடிய பொருளன்று அது. தேவைப்படும் வாரத்தில் தானம் தர ஆள் இருக்க வேண்டும். தம் உயிரைக் காத்த தட்டணுப் பையை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் கேட்கும்போது, மறுப்போர் குறைவு.

குருத்தணுக் கொடையாளர் பதிவும் அத்தகையதே. உடன்பிறந்த ஒருவர் பொருந்துவதற்கான வாய்ப்பு 25 விழுக்காடு மட்டுமே. மற்றவர்கள் சென்னையில் 2009-ல் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற பதிவேடுகளை நம்பியுள்ளனர். பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சாவளியினரிடையே அமைவதால், தமிழர், வங்காளியர், தெலுங்கர், கரேன் மக்கள், கைதிகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் எனப் பலரும் மண உறவால் கலந்துள்ள அந்தமானில் பொருந்தும் கொடையாளரைக் கண்டறிவது மேலும் கடினம். பதிவு செய்யக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து எடுக்கும் மாதிரி போதும். பின்னர் பொருத்தம் அமைந்தாலும், பெரும்பாலும் தட்டணு தானம் போலக் கை நரம்பு வழியேதான் குருத்தணுக்கள் சேகரிக்கப்படுகின்றன.