கரைப்பான் இல்லாமல் ஒரு தாக்கம்: நுண்ணலை எப்படி உதவுகிறது?

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் சோறும் கறியும் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும், இரசாயன ஆய்வுகூடத்து நுண்ணலை உலையும் பெரும்பாலும் ஒரே மீடிறனில்தான் இயங்குகின்றன: 2.45 கிகாஹேர்ட்ஸ். கறியிலுள்ள நீரைச் சூடாக்கும் அதே அலை, தாக்கத்தில் ஈடுபடும் பொருள்களையும் நேரடியாகச் சூடாக்கும். அதனால் சில தாக்கங்களைக் கரைப்பான் இல்லாமலே நடத்திவிடலாம்.

கரைப்பானுக்கு வழக்கமாக இரண்டு வேலைகள். பொருள்களைக் கரைத்து ஒன்றுசேர்ப்பது ஒன்று. குடுவைச் சுவரிலிருந்து வரும் வெப்பத்தை உள்ளே பரப்புவது மற்றது. வேலை முடிந்ததும் அது கழிவாகிறது. தொலுயீன் எளிதில் தீப்பற்றும், டைகுளோரோமெத்தேன் நஞ்சு. கொழும்பின் கால்வாய்கள் கடலிலும் களனி கங்கையிலும் போய் விழுகின்றன. இந்த நகரத்தில் கரைப்பானைக் குறைப்பது நம் நீரைக் காப்பதும்தான்.

நுண்ணலையின் மின்புலம் விநாடிக்கு 245 கோடி தடவை அலைகிறது. முனைவுள்ள மூலக்கூறுகள் அதற்கேற்பத் திரும்ப முயன்று, பக்கத்து மூலக்கூறுகளோடு மோதிச் சூடேறுகின்றன. நீரும் எதனோலும் நன்றாகச் சூடாகும். ஹெக்சேன் அநேகமாகச் சூடாகாது. இரசாயனப் பிணைப்பை உடைக்கும் சக்தி இந்த அலைக்கு இல்லை. தாக்கத்தை நடத்துவது வெப்பமே.

1986இல் கனடாவில் ரொபர்ட் கெடியின் குழுவும் அமெரிக்காவில் ரேமண்ட் ஜிகேரின் குழுவும் வீட்டு அடுப்புகளில் சேதனத் தாக்கங்களை விரைவாக நடத்திக் காட்டின. ஆனால் மூடிய கலத்தில் கரைப்பான் கொதித்தால் அழுத்தம் ஏறி வெடிக்கக்கூடும். கரைப்பானை எடுத்துவிட்டால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். இந்தியாவில் படித்து அமெரிக்காவில் பணியாற்றிய ராஜேந்தர் வர்மா, தாக்கிகளைக் களிமண், அலுமினா போன்ற தூள்களில் படியவைத்துச் சூடாக்கும் முறையை 1990களில் வளர்த்தார்.

ஓர் எடுத்துக்காட்டு: தாலிக் அன்ஹைட்ரைட்டும் வயலுக்கு இடும் யூரியாவும் வெள்ளைத் திண்மங்கள். இரண்டுமே 130 பாகை செல்சியஸை ஒட்டி உருகுபவை. கலந்து சூடாக்கினால் உருகிய கலவையே கரைப்பானின் இடத்தைப் பிடிக்கிறது. காபனீரொட்சைட்டும் அமோனியாவும் வெளியேற, கலவை நுரைத்துப் பொங்கி மறுபடி இறுகுகிறது. கிடைப்பது தாலிமைட்; அமைன்களைத் தயாரிக்க உதவும் பொருள். குளிர்நீரில் கழுவினால் மிஞ்சிய யூரியா கரைந்துபோகும், தாலிமைட் தங்கிவிடும். பிரித்தெடுக்கும் கட்டத்திலும் சேதனக் கரைப்பான் தேவைப்படவில்லை.

தாக்கிகள் அலையை உறிஞ்சாவிட்டால் என்ன செய்வது? உறிஞ்சும் பொருளொன்றைச் சேர்க்கலாம். இங்கேதான் இலங்கைக்குச் சொந்தமான ஒன்று வருகிறது: காரீயம். பொகலவிலும் கஹட்டகஹவிலும் வெட்டியெடுக்கும் நாளக் காரீயம் மிகத் தூய்மையானது. கொட்டாஞ்சேனையை ஒட்டிய துறைமுகத்தின் வழியே ஒரு காலத்தில் பெருமளவில் கப்பலேறிய பொருள் அது. காரீயத்தில் தடையின்றி ஓடும் இலத்திரன்கள் நுண்ணலையை வலுவாக உறிஞ்சுவதால் அது கடகடவென்று சூடேறும். பிரான்சின் துலூஸ் ஆய்வாளர்கள் 1990களில் காரீயத் தூளின்மீது டீல்ஸ்-ஆல்டர் தாக்கங்களைக் கரைப்பானின்றி நடத்தினார்கள்.

குறைகளும் உண்டு. திண்மக் கலவையில் வெப்பம் சீராகப் பரவாது. ஓரிடம் கருகும்போது இன்னோரிடம் பச்சையாகக் கிடக்கும். தாக்கத்தில் மிச்சம்பிடித்த கரைப்பானை, விளைபொருளைக் கழுவியெடுக்கும்போது இருமடங்காக ஊற்றினால் பயனில்லை. ஆகவே “கரைப்பானற்ற முறை” என்று யாராவது சொன்னால், முதல் எடை பார்ப்பிலிருந்து கடைசிக் கழுவல் வரை எவ்வளவு திரவம் செலவானது என்று கேளுங்கள்.

உயர்தர மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டு அடுப்பில் இதை முயலவே வேண்டாம். அதில் வெப்பநிலையை அளக்கும் வசதியோ நச்சு வாயுவை வெளியேற்றும் வழியோ இல்லை. காரீயம் தீப்பொறி கக்கும். இதற்கென்றே செய்த உலையில், வெப்பநிலை அளவியோடும் வாயு வெளியேற்றியோடும், ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள்.