அக்னிச் சிறகுகள்: குரோம்பேட்டைப் பக்கங்களைத் தவறவிடாதீர்கள்

தாம்பரம் மின்சார ரயிலில் போய்வருகிறவர்களுக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. தெரியாமல் இருக்காது. சி. ராஜம் தம் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டு 1949-ல் தொடங்கிய கல்லூரி அது. அன்றும் செங்கல்பட்டு மாவட்டம், இன்றும் செங்கல்பட்டு மாவட்டம். ஏ.பி.ஜே. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான். அவருடைய தன்வரலாறான ‘அக்னிச் சிறகுகள்’ நூலைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்குச் சில செய்திகள்.

என்ன நூல் இது?

கலாம், அருண் திவாரியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதி 1999-ல் வெளியிட்டது. தமிழில் மு. சிவலிங்கம் மொழிபெயர்த்தார். கலாம் குடியரசுத் தலைவரானது 2002-ல். ஆகவே ராஷ்டிரபதி பவன் கதை இதில் கிடையாது. இடிதாங்கியைக் கண்டுபிடித்த அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதிய தன்வரலாறும் இப்படித்தான். 1776 சுதந்திரப் பிரகடனத்துக்கு வெகு முன்பே நின்றுவிடுகிறது. இரண்டுமே பதவியின் கதை அல்ல, ஒரு மனிதர் உருவான கதை.

எங்கே தொடங்குகிறது?

ராமேசுவரம் கடற்கரையில். அப்பா மரப்படகு கட்டுகிறார். விறகுத் தீயின் சூட்டில் பலகைகளைப் பதப்படுத்துவதைச் சிறுவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோய்விடுகிறது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குரோம்பேட்டையில் என்ன நடந்தது?

எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பேன் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். கல்லூரியில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள் அவரை விமானப் பொறியியலுக்கு இழுத்தன.

தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து வடிவமைத்தபோது, இயக்குநர் பேராசிரியர் சீனிவாசனுக்கு வேலை திருப்தி தரவில்லை. கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார். கிடைத்தது மூன்று நாள். திங்கள் காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும். உதவித்தொகை போனால் அக்காவின் வளையல் என்னாவது? அன்றிரவு சாப்பாட்டை விட்டுவிட்டு வரைபலகை முன்னால் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை முடியும் தறுவாயில் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. வந்து பார்த்த பேராசிரியர் அவரை அணைத்துக்கொண்டார்.

எப்படிப் படிப்பது?

பலரும் இதைக் கனவு காணச் சொல்லும் நூல் என்கிறார்கள். என் பார்வையில் இது வேலையைப் பற்றிய நூல். 1979 ஆகஸ்ட் 10 அன்று கலாம் குழுவின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. ஒரு வால்வு மூடாததால் அமிலம் கசிந்ததே காரணம். ஆய்வுக் கூட்டத்தில் கலாம் எழுந்து பொறுப்பைத் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அந்தப் பதினோரு மாதங்களுக்கான பயிற்சி, குரோம்பேட்டையின் அந்த மூன்று நாட்களிலேயே தொடங்கிவிட்டது.

உங்கள் வீட்டிலும் நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்பியிருந்தால், இந்தப் பக்கங்களை முதலில் அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்.