தலைநகரங்களும் கொலை விகிதமும்



அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவருடைய மகளுக்கு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. "அந்நகரைக் கொலைகளின் தலைநகரம் என்று எழுதியிருக்கிறார்களே ஐயா! பெண்ணை எப்படி அனுப்புவேன்?" என்று கலங்கினார். அவருக்குக் கூறியதையே உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

முதலில் சரித்திரத்தைக் காண்போம். விடுதலைப் போர்க் காலத்தில் அமெரிக்காவுக்கு நிலையான தலைநகரம் கிடையாது. பிரதிநிதிகளின் பேரவையாகிய காங்கிரஸ் எங்கே கூடிற்றோ அதுவே தலைநகரம். பிலடெல்பியாவில் கூடிவந்த அப்பேரவை, ஆங்கிலேயப் படைக்கு அஞ்சி 1776 டிசம்பரில் பால்டிமோருக்கும், 1777 செப்டம்பரில் லங்காஸ்டர் வழியாக யார்க் நகருக்கும் சென்றது. 1783 ஜூனில், சம்பள பாக்கி கேட்ட சிப்பாய்கள் பிலடெல்பியாவில் பேரவை கூடிய மாளிகையைச் சூழ்ந்தனர். அவர்களை அடக்கப் படை அனுப்பப் பென்சில்வேனிய அரசு இசையவில்லை. பேரவை பிரின்ஸ்டனுக்குப் புறப்பட்டது; பின்னர் அன்னபொலிஸ், டிரென்டன், நியூயார்க் என இடம் மாறிற்று. தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ளத் தனி நிலம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1787இல் இயற்றிய அரசியல் சட்டம் அதற்கு வழி செய்தது. 1800இல் வாஷிங்டன் தலைநகராயிற்று. பாதுகாப்பை நாடி அமைத்த நகரமே பின்னாளில் கொலைக்குப் பேர்பெற்றது விந்தையன்றோ!

இனிக் கணக்குக்கு வருவோம். 1990இல் நியூயார்க்கில் 2,200க்கு மேற்பட்ட கொலைகள் நிகழ்ந்தன. 1991இல் வாஷிங்டனில் ஏறத்தாழ 480. எங்கே ஆபத்து மிகுதி? நியூயார்க்கில் என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே மக்கள் 73 இலட்சம்; வாஷிங்டனில் சுமார் 6 இலட்சம். ஆகவே இலட்சம் பேருக்கு நியூயார்க்கில் 30, வாஷிங்டனில் 80. இதுவே விகிதம் எனப்படும்.

தலைநகராய் இருந்ததா இதற்குக் காரணம்? இல்லை. பிரின்ஸ்டனும் முன்னாள் தலைநகரமே. அது அமைதியான சிறு கல்வி நகரம். நாட்டின் தலைநகராக ஒருநாளும் இராத செயின்ட் லூயிஸ் நகரிலோ கொலை விகிதம் பல ஆண்டுகள் மிக உயர்ந்து நின்றது. வாஷிங்டனில் அந்நாளில் கிராக் என்னும் போதைப்பொருளை விற்ற கூட்டத்தாரின் துப்பாக்கிச் சண்டையே பெருங்காரணம். வறியவர் வாழும் சில பகுதிகளே அதன் கொடுமையைப் பெரிதும் சுமந்தன.

நிலைமையும் மாறிக்கொண்டே வந்தது. வாஷிங்டனில் 2012இல் கொலைகள் 88 ஆகக் குறைந்தன. 2023இல் 274 ஆக ஏறின. 2024இல் 187 ஆக இறங்கின. நியூயார்க்கிலோ 2017இல் 300க்கும் குறைவே.

"ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த ஆண்டு, இலட்சத்திற்கு எத்தனை, நகரின் எந்தப் பகுதி என்னும் மூன்றையும் கேட்டறியுங்கள், பிறகு மகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு முடிவு செய்யுங்கள்" என்றேன். அச்சமூட்டும் எண் ஒன்றைக் காணும்போதெல்லாம் நீங்களும் இம்மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவீர்களாக.