பேஸ் எங்கே போனது?

தர்மபுரியில் செல்போன் பழுது பார்க்கும் என்னிடம் விலை உயர்ந்த இயர்போன்களும் வருகின்றன. “ஒரு பக்கம் சத்தமே வரலண்ணா” என்பார்கள். பல நேரம் உள்ளே எதுவும் கெட்டிருக்காது. நுனியிலுள்ள சல்லடையைக் காதழுக்கு அடைத்திருக்கும். அடுத்த பலவீனம் ஒயர். கழற்றி மாட்டும் வகையையே வாங்கச் சொல்வேன். அறுந்தால் ஒயரை மட்டும் மாற்றலாம்.

1991இல் எட்டிமோடிக் நிறுவனம் கொண்டுவந்த இஆர்-4 இயர்போனில் ஒலி தந்தது, காது கேட்கும் கருவிகளில் இருந்த ‘பேலன்ஸ்டு ஆர்மெச்சர்’. காந்தங்களுக்கு நடுவே அதிரும் சின்னஞ்சிறு தகடு அது. வீணையின் மீட்டல்கூடத் துல்லியமாகக் கேட்கும். ஆனால் ரப்பர் முனை காதை இறுக அடைக்காவிட்டால், எவ்வளவு விலை கொடுத்தாலும் இளையராஜா பாட்டின் பேஸ் கிடார் காணாமல் போகும். முதலில் முனையின் அளவை மாற்றிப் பாருங்கள். அடைப்பு சரியானால் ஒகேனக்கல் பஸ்ஸின் இரைச்சலும் குறையும். சத்தத்தைக் கூட்டவே வேண்டியதில்லை.