காசநோயாளிகளைத் தனிமைப்படுத்தல்

காசநோயாளிகளைத் தனிமைப்படுத்தல் என்பது நுரையீரல் காசநோய் பிறருக்குத் தொற்றாமல் இருக்கும் பொருட்டு நோயாளிகளைப் பிரித்து வைக்கும் முறையாகும். காசநோய்க் கிருமி, நோயாளி இருமும்போது வெளிப்பட்டுக் காற்றின் வழியாகப் பரவுகிறது. உண்கலம், உடை முதலியவற்றால் பரவுவதில்லை.

சானடோரியக் காலம்

மருந்துகள் கண்டறியப்படாத காலத்தில் ஓய்வு, தூய காற்று, சத்துணவு ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. இதற்கென நோயாளிகள் சானடோரியங்களில் மாதக்கணக்கில் தங்கவைக்கப்பட்டனர். தாம்பரம் சானடோரியம் 1928 இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து என்பவரால் தொடங்கப்பட்டது. எனினும் இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற படுக்கைகள் இருக்கவில்லை.

சென்னை ஆய்வு

நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த இயலுமா, அதனால் குடும்பத்தினருக்குத் தீங்கு நேருமா என்பதை அறிய 1956 இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. இதனை நடத்திய மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆகும். 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வீட்டிலும் மற்றப் பிரிவினர் சானடோரியத்திலும் ஓராண்டு காலம் ஒரே மருந்துகளைப் பெற்றனர்.

1959 இல் முடிவுகள் வெளியாயின. நோய் தணிந்தோர் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானடோரியப் பிரிவில் 92 விழுக்காடு ஆவர். வீட்டுப் பிரிவினர் குறைந்த உணவும் ஓய்வும் பெற்று, நெருக்கமான வீடுகளில் வாழ்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. குடும்பத்தினரை ஐந்தாண்டுகள் கண்காணித்தபோது, வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. உரிய மருந்து தொடங்கியபின் தொற்றும் தன்மை விரைவாகக் குறைகிறது.

நடைமுறைச் சிக்கல்கள்

தொடக்க வாரங்களில் நோயாளி காற்றோட்டமான தனியறையில் உறங்குதல், முகக்கவசம் அணிதல், சளியை மூடியுள்ள கலத்தில் துப்புதல் ஆகியன அறிவுறுத்தப்படுகின்றன. ஓரறை வீடுகளில் தனியறை என்பது இயலாதது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கீரிப்பாறை போன்ற இரப்பர்த் தோட்டப் பகுதிகளில், வேலைக்குச் செல்லாத நாளில் கூலி பெறாத தற்காலிகத் தொழிலாளருக்குத் தனிமை என்பது வருவாய் இழப்பாகும். ஒதுக்கப்படுவோம் என்னும் அச்சத்தால் நோயை மறைப்பவர்களும் உண்டு. இதனால் நோயறிதல் தாமதமாகி, தொற்று மிகுகிறது. மருந்தை இடையில் நிறுத்தினால் மருந்தெதிர்ப்புக் காசநோய் உருவாகக்கூடும்.

இன்றைய நிலை

தனிமைப்படுத்தலைவிட விரைந்த நோயறிதல், இடைவிடாத மருந்து, உடன் வாழ்வோருக்குப் பரிசோதனை, தடுப்புச் சிகிச்சை ஆகியவற்றுக்கே முதன்மை அளிக்கப்படுகிறது. கடும் மெலிவு, மூச்சுத்திணறல் உள்ளவர்களையும் தாமாக எழுந்து நிற்க இயலாதவர்களையும் கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2022 இல் தொடங்கியது. சிகிச்சை பெறுவோருக்கு நடுவண் அரசு 2018 முதல் வழங்கிவந்த ஊட்டச்சத்து உதவித்தொகை, 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.